அந்தி ஒளியில் வெளிமான்

கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அமைந்தது. அங்கு மேற்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தின்மீது கதிரவன் சாயும் வேளையே வெளிமானைப் படமெடுக்க ஏற்றது. அப்பொழுது கதிரொளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, செம்மையே நம்மை எட்டுகிறது.

ஆனால் கேமராவுக்கு ஒரு சங்கடம்! மானுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் வானம் வெளுத்துவிடும். வானுக்கு ஏற்ப அளந்தால் மான் கறுத்துவிடும். நாம் வானத்தின் கட்சி. கதிரவனுக்குச் சற்றுத் தள்ளி ஒளியை அளந்தால், செவ்வானில் மான் கரிய நிழலுருவாகும். நிழலுருவில் கண்ணும் மூக்கும் தெரியா. வெளிக்கோடு ஒன்றே பேசும். ஆகவே மான் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். நேரே நின்றால் முகமும் உடலும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். நாம் தாழ அமர்ந்தால்தான் ஆண்மானின் முறுக்குக் கொம்புகள் புல்லுக்கு மேலே வானில் எழும்.

அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைக்கலாகாது என்பர். குளிர்காலத்தில் வரும் பூநாரையின் பிம்பம் நீரில் தெளிவாக விழும்போது அவ்விதியை மீறலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்காக நெருங்கிச் சென்றால் இரை தேடும் கூட்டம் பறந்துவிடும். தொலைவிலிருந்தே டெலிபோட்டோ லென்ஸ் போதும். லென்ஸ் வழியே கதிரவனை நேராகப் பார்த்தல் கண்ணுக்குக் கேடு.

கதிரவன் மறைந்ததும் கேமராவை மூடிவிட வேண்டாம். இன்னும் ஏறத்தாழ 20 நிமிடம் வெளிச்சம் நிற்கும்.