பெருவழியும் வழிப்போக்கர் உரிமையும்

பூமியில் சென்று முன்னோரின் முடிவைக் கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. ஆகவே, பழைய பெருவழியோரத்துச் சிற்றூர் ஒன்றைக் காணச் செல்வதும் படிப்பினைக்குரிய செயலாகலாம். அத்தகைய ஊரில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அவ்வூர் அந்நியனை எவ்வாறு நடத்தியது என்பதாகும். வந்து செல்வோராலேயே வழியோர ஊர்கள் வாழ்ந்தன.

கொங்கு நாட்டில் இதற்குச் சான்றுகள் பல உள. மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த இயற்கை வாயில் பாலக்காட்டுக் கணவாய். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த வணிகர் இதன் வழியே வெள்ளலூர், கொடுமணல், கரூர் எனக் கிழக்கு நோக்கிச் சென்றனர். சோழர் காலத்தில் இக்கணவாய் வழி 'இராசகேசரிப் பெருவழி' எனப் பெயர் பெற்றது. கோவைக்கு அண்மையிலுள்ள சுண்டக்காமுத்தூரில் அதைக் குறிக்கும் கல்வெட்டு, ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் தருகிறது. வழியில் வருவோர் அனைவரும் ஒரே எழுத்தை அறிந்தவரல்லர் என்பதை அதைப் பொறித்தவர் உணர்ந்திருந்தனர் போலும்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த 'அதியமான் பெருவழி' மைல்கற்கள் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றன. நாவற்தாவளம் எனும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பது அவற்றில் எழுதப்பட்டுள்ளது. கூடவே குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. 29 காதம் என்பதற்குப் பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் உள்ளன. எழுத்தறியாதவனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என இடம்பெற்ற ஊர். 1985 முதல் பல கட்டங்களாக நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களைத் துளையிட்டுச் செய்த பட்டறைகள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்துள்ளன. அருகிலுள்ள படியூரின் பெரில் கற்கள் மணிகளாயின. தொலைதேசத்துக் கற்களும் இங்கு வந்து சேர்ந்தன. ஓடுகளில் தமிழ்ப் பெயர்களுடன் பிராகிருதப் பெயர்களும் காணப்படுவதால், வடபுலத்து மக்களும் இங்கு வந்து தங்கினர் எனக் கொள்ளலாம். இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே நொய்யற்கரைத் தொழில் வெளியூரார் வருகையோடு பிணைந்திருந்தது.

கணவாயின் மறுபுறத்து நிலையை 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா பதிவு செய்துள்ளார். மலபாரின் பாதையில் அரை மைலுக்கொரு மரவீடும், அமர்வதற்குத் திண்ணைகளும், அருகே கிணறும், நீர் வழங்க ஓர் ஆளும் இருந்ததாக அவர் எழுதுகிறார். அங்கு முஸ்லிம்களும் பிறரும் அமர்ந்து இளைப்பாறினர்.

இனி, மார்க்கம் இதனை எங்கு வைக்கிறது எனக் காண்போம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் இறுதியாகக் கூறப்படுபவர் 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழிப்போக்கர் (9:60). ஊரில் செல்வமிருந்தும் வழியில் கையில் பொருளற்றவர் என்பது ஹனஃபீ விளக்கம். அனுமதிக்கப்பட்ட பயணத்தைத் தம் ஊரிலிருந்து தொடங்குபவரையும் ஷாஃபிஈ மத்ஹபு இதில் சேர்க்கிறது. பிறிதொரு வசனம் (4:36) அண்டை வீட்டார், உடன் இருக்கும் தோழர் ஆகியோருடன் வழிப்போக்கரையும் வைத்து, அவருக்கு நன்மை செய்யக் கட்டளையிடுகிறது. அங்கு அவரது சமயம் குறிப்பிடப்படவில்லை. ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. ஸதகாவின் வாயிலோ அனைவருக்கும் திறந்தே உள்ளது.

இந்த அளவுகோலுடன் இன்றைய ஊரொன்றைக் காணலாம். பழைய பெருவழியைப் போலவே கிழக்கு மேற்காகச் செல்லும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையில், பல்லடத்தில் வடக்கே திரும்பித் திருப்பூர் செல்லும் சாலையில் உள்ளது அருள்புரம். பின்னலாடை நிறுவனங்களும் சாயத் தொழிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உடைய ஊர். இவ்வட்டாரத்தில் தென் மாவட்டத்தாருடன் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தாரும் உழைக்கின்றனர். தொழுகைச் சட்டத்தில் இவர்கள் முஸாஃபிர் அல்லர். பதினைந்து நாள் தங்க நாடினால் ஹனஃபீகளிடமும், நான்கு நாள் நாடினால் ஷாஃபிஈகளிடமும் ஒருவர் முகீம் ஆகிவிடுவார். ஆயினும் வேலை நின்று, கூலி முடங்கி, ஊர் திரும்பக் கட்டணமில்லாத நாளில் அவர் நிலை என்ன? ஷாஃபிஈ விளக்கப்படி அவர் பயணம் தொடங்கும் வழிப்போக்கர். ஹனஃபீ நோக்கில் ஊரிலும் பொருளற்றவராயின் அவர் ஏழை. எவ்விதத்திலும் உரிமை நீங்குவதில்லை.

இது ஏட்டுக் கேள்வியன்று. மாசு காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, பட்டறைத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 2020 மார்ச் ஊரடங்கில் வடமாநிலத்தார் உணவுக்கும் ஊர் திரும்பும் வழிக்கும் தவித்தனர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, அஞ்சி இரயில் நிலையம் நோக்கிச் சென்றோரும் உண்டு. பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வதந்தியும் வழியில் கிடக்கும் முள்ளே. வந்த செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் வசனம் (49:6) அதை அகற்றும் முறையைக் காட்டுகிறது.

எனவே நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கன சில உள. ஜகாத் நிதியில் வழிப்போக்கர் பங்கைப் பெயரளவில் விடாமல் ஊர் திரும்புவோரின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாம். பிற சமயத்தாருக்கு ஸதகாவிலிருந்து தனி நிதி வைக்கலாம். மருத்துவமனை, பேருந்து நிலையம், தொழிலாளர் துறை அலுவலகம் ஆகியவற்றுக்கு வழிகாட்டும் தாளொன்றைத் தமிழ், இந்தி, ஒடியா எழுத்துகளில் பள்ளிவாசல் வாயிலில் வைக்கலாம். எழுத்தறியாதவருக்குக் கல்லில் குழி வெட்டிய மண்ணில் இதுவும் இயலாததன்று.