பலகைத் தளமும் பலகையின் ஈரமும்

சிம்லா, டார்ஜிலிங், உதகமண்டலம் போன்ற மலைநகரங்களில் பழைய வீடொன்றினுள் நுழைபவர் முதலில் உணர்வது காலடியிலுள்ள பலகைத் தளத்தின் இதத்தையே. கல்லும் மரமும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருந்தபோதிலும், கல் குளிர்ந்ததாகவும் மரம் வெதுவெதுப்பானதாகவும் தோன்றுகின்றன. பாதத்தின் வெப்பத்தைக் கல் விரைந்து வாங்கிக்கொள்கிறது; மரம் அவ்வாறு செய்வதில்லை. மரத்தின் வெப்பங்கடத்தும் திறன் பளிங்குக்கல்லின் திறனிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கல்லையும் தேவதாரு மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டப்படும் இமாசலப் பிரதேசத்துக் காத்-குனி வீடுகளில், கீழ்த்தளம் கால்நடைகளுக்கும் பலகை பரப்பிய மேல்தளம் மக்களுக்கும் விடப்பட்டிருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஓரளவு தச்சுவேலை பழகிய எவரும் தம் வீட்டு அறைக்குத் தாமே பலகைத் தளம் அமைத்துக்கொள்ளலாம். ரம்பம், இழைப்புளி, மூலமட்டம், ரசமட்டம், சுத்தியல், நூல்கயிறு ஆகியவையே முக்கியக் கருவிகள். இவ்வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கைத்திறக் குறைவினால் அன்று. பலகையிலுள்ள ஈரத்தைப் பாராமையினால்தான். அடைமழைக் காலத்தில் வாங்கிய பலகையை அந்த வாரமே பதித்துவிடுபவர், அடுத்த கோடையில் இடுக்குகளுக்குள் நாணயம் விழுந்து மறைவதைக் காண்பார். சேமிப்பைச் செலவிட்டுப் போட்ட தளத்தைப் பெயர்த்து மீண்டும் போடுவது எளிதன்று. பெயர்க்கும்போதே பலகைகளின் விளிம்பு உடைந்துவிடும்.

மரத்தின் பெயரைக் கேட்டும் சிலர் ஏமாறுவதுண்டு. தாவர நூலார் அகன்ற இலையுடைய மரங்களை வன்மரம் என்றும், தேவதாரு, சீட்டா முதலிய ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும் வகுத்துள்ளனர். இது மரத்தின் அமைப்பைப் பற்றிய பிரிவே அன்றி உறுதியைப் பற்றியது அன்று. தீக்குச்சிக்குப் பயன்படும் இலவ மரமும் இக்கணக்கில் வன்மரமே. அதில் தளம் போட எவரும் எண்ணார். தேக்கு, சால மரம், சீசம் போன்றவற்றின் வைரப்பகுதியே தளத்துக்கு ஏற்றது. வெளிறிய சாற்றுப்பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும்.

வெட்டிய புது மரத்தில் இருவகை ஈரம் உண்டு. உயிரணுக்களின் உட்குழியில் தேங்கிய நீர் ஒன்று. அவற்றின் சுவரிலேயே ஊறியுள்ள நீர் மற்றொன்று. குழியிலுள்ள நீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரம் ஏறத்தாழ 25 முதல் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கிச் சுவர்நீர் வெளியேறத் தொடங்கிய பின்னரே மரம் சுருங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இராது. நீளவாட்டில் அது மிகச் சொற்பம். ஆண்டு வளையங்களின் போக்கை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையிற் காண்பதைப் போல ஏறக்குறைய இருமடங்கு சுருக்கம் ஏற்படும். பலகை வளைவதும் முறுக்குவதும் இந்த வேறுபாட்டினால்தான்.

சுருக்கம் குறைவான மரங்களுள் தேக்கும் ஒன்று. ஆயினும் வளையப் போக்கில் அறுத்த 10 செ.மீ. அகலத் தேக்குப் பலகை, 16 சதவிகித ஈரத்திலிருந்து 8 சதவிகிதத்துக்கு உலர்ந்தால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குறுகும். ஒரு பலகைக்கு இது அற்பமாகத் தோன்றலாம். 3 மீட்டர் அகல அறையில் அத்தகைய 30 பலகைகள் இருக்கும். மொத்தக் குறைவு நாலரை செ.மீ. ஆகிவிடும்.

மரம் எவ்வளவு உலர்ந்தாலும் சுற்றியுள்ள காற்றுக்கேற்ப ஈரத்தை மீண்டும் ஏற்கும் அல்லது விடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 சதவிகிதமாயின் மரத்தின் ஈரம் ஏழெட்டுச் சதவிகிதத்தில் நிலைபெறும். 80 சதவிகிதமாயின் ஏறத்தாழ 16 வரை உயரும். ஆகவே இராஜஸ்தானத்துக்கு ஏற்ற பலகை கேரளக் கடற்கரைக்கு ஏற்றதாகாது. இந்தியத் தரநிர்ணயம் நாட்டை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து ஈர வரம்புகளை விதித்திருப்பது இதனாலேயே. தளப்பலகைக்கு இடத்திற்கேற்ப ஏறத்தாழ 8 முதல் 12 சதவிகிதம் பொருத்தமாகும்.

இந்த ஈரத்தை அளக்கும் முறை பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்துகாட்டத் தக்கது. பலகையின் முனையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உள்ளே தள்ளி, முழு அகலத்துக்கும் ஒரு சிறு துண்டு வெட்டி உடனே எடை பார்க்கவேண்டும். முனை எப்போதும் விரைந்து உலர்வதால் அங்கு வெட்டிய துண்டு பொய்க்கணக்கே தரும். பின்னர் அதை 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தவேண்டும். முதலில் 60 கிராமாக இருந்தது 50 கிராமில் நின்றால், இழந்த 10 கிராமை உலர்ந்த எடையாகிய 50-ஆல் வகுக்கவேண்டும். ஈரம் 20 சதவிகிதம். மாணவர் பலர் 60-ஆல் வகுத்துவிடுவர். மின்சார ஈரமானியால் நொடியில் அளக்கலாம் எனினும் அதன் காரணம் விளங்க இந்த முறையே உதவும்.

பதம் பெறாத பலகையை நிழலில், தரைக்கு மேலே, வரிசைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை வைத்து அடுக்கவேண்டும். சட்டங்கள் நேருக்கு நேர் ஒன்றன்மேல் ஒன்றாக இராவிட்டால் பலகை வளையும். முனைகளில் தார் அல்லது மெழுகு பூசினால் வெடிப்பு குறையும். காற்றில் உலர்த்துவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். சூளையில் உலர்த்திய பலகையாயினும், பதிக்கும் அறையிலேயே இரண்டு வாரங்கள் அடுக்கிவைத்தல் நலம்.

அடித்தளத்தின் ஈரமும் அதே அளவு கவனத்துக்குரியது. சிமெண்டுத் தளம் 28 நாட்களில் உறுதி பெறும். உலர்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. அதன்மீது ஒரு பாலிதீன் தாளை விரித்து விளிம்புகளை ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தால் வேலையைத் தள்ளிவைக்கவேண்டும்.

தாங்கும் சட்டங்களை ரசமட்டம் பார்த்துச் சுமார் 40 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, பலகைகளை அவற்றுக்குக் குறுக்காகப் பதிக்கவேண்டும். முதற் பலகையை நூல்பிடித்து வைத்தால் மற்றவை தாமே நேராக அமையும். நாக்கும் காடியுமாக இணையும் பலகைகளில், நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்தால் தலை வெளியே தெரியாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் ஒரே சட்டத்தின்மேல் சேரலாகாது. சுவரோரம் ஒரு செ.மீ. இடைவெளி விடவேண்டும், மழைக்காலத்தில் தளம் விரிவதற்கு அவ்விடமே புகல். சுவரடிச் சட்டம் அதை மறைத்துவிடும். அச்சட்டத்தைச் சுவருடனேயே பொருத்தவேண்டும். தளத்தோடு ஆணி அடித்து இறுக்குவது இடைவெளி விட்டதையே வீணாக்கும்.

கறையானுக்கு எதிராக மரத்தில் மருந்தேற்றும் கலையில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து மரத்தைக் காக்கும் கலவையை 1933-ஆம் ஆண்டில் சொண்டி காமேசன் அங்குதான் கண்டறிந்தார். அது உலகெங்கும் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் பயன்பட்டது. ஆயினும் ஆர்சனிக் நஞ்சாதலால், குழந்தைகள் தவழும் வீட்டுத் தளத்துக்கு அது ஏற்றதன்று. அத்தகைய பலகையை இழைத்த தூளை முகர்வதும் எரிப்பதும் தீங்கு. வீட்டினுள், நீர் படாத இடத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலே மேல்.

தளம் போட்ட சில மாதங்களில் பலகைகளின் விளிம்பு உயர்ந்து நடு தாழ்ந்தால், அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று கொள்ளலாம். பலர் உடனே இழைப்புளியை எடுத்து உயர்ந்த விளிம்புகளைச் சீவிவிடுகின்றனர். ஈரம் வற்றிய பின் அதே பலகைகளில் விளிம்பு பள்ளமாகவும் நடு மேடாகவும் நிற்கும். குழாய்க் கசிவையோ அடைபட்ட காற்றுத்துளையையோ முதலிற் கண்டு சரிசெய்து, ஒரு வறண்ட பருவம் கழியும்வரை பொறுத்திருந்தால் பல தளங்கள் தாமே சமனாகிவிடும்.