பீங்கான் விளக்கும் மின்னொளியும்

ஒரு கலத்தின் வடிவம் அது செய்த தொழிலை உணர்த்துவதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே வழங்கிய பீங்கான் எண்ணெய் விளக்குகள் இதற்குத் தக்க சான்றாவன. அவை பிற்காலத்தில் மின்விளக்குகளாக மாற்றப்பட்டபொழுது பேணப்பட்டது யாது, இழக்கப்பட்டது யாது என்பது ஆராயத்தக்கது.

அந்நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரான்சிலே சிறந்த விளக்குகளில் எரிந்தது, கடுகினத்துச் செடியொன்றின் விதையிலிருந்து பெறப்பட்ட கொல்சா எண்ணெய். அது தடிப்பானது, திரிவழியே நெடுந்தூரம் ஏறமாட்டாது. ஆதலின், பாரிசு நகரக் கடிகாரத் தொழிலாளராகிய கார்செல் என்பார், 1800ஆம் ஆண்டளவில், கடிகாரப் பொறியால் இயங்கும் பம்பியொன்றை விளக்கின் அடியில் அமைத்து, எண்ணெயைத் திரிக்கு ஏற்றினார். 1830களிற் பிரான்சோ என்பார் சுருள்வில்லின் விசையால் எண்ணெயை மேலேற்றும் எளிய விளக்கை ஆக்கினார். இப்பொறிகளை மறைக்க உயர்ந்த உடல் வேண்டியிருந்தது. சீன, யப்பானியப் பீங்கான் சாடிகள், வெண்கலப் பீடமும் கழுத்தும் பூட்டப்பெற்று, அவ்வுடலாயின.

1850களின் பின் மண்ணெண்ணெய் பரவிற்று. அது மெல்லியது, மயிர்த்துளைத்தன்மையால் திரியில் எளிதாக ஏறும். எனவே பம்பி வேண்டாததாயிற்று. பழைய சாடிகள் பலவற்றின் வாயில் மண்ணெண்ணெய்க் கலம் இறக்கப்பட்டது. பின்னர், 1879இல் எடிசன் தம் மின்குமிழை வெளிப்படுத்த, மின்னொளியின் காலம் பிறந்தது. அச்சாடிகளே மீண்டும் புதுக்கோலம் பூண்டன.

இம்முறை கேடொன்றும் உடன் வந்தது. மின்கம்பியைச் செலுத்தும்பொருட்டுப் பலர் சாடியின் அடியைத் துளைத்தனர். பீங்கான் கடினமானது, ஆயினும் எளிதில் நொறுங்குவது. துளையிடும்போது விரிசல் காணலாம். மேலும், ஆக்கியோரின் முத்திரை பெரும்பாலும் அடியின் நடுவிலேயே இருக்கும். துளை விழுந்தவிடத்து, சாடியின் பிறப்பைக் கூறும் அவ்வெழுத்தே அழிந்துபோகும்.

துளையாது மாற்றவும் வழியுண்டு. எரிமுனையைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, கழுத்து வளையத்தின் திருகுப்புரியிற் பொருந்தும் மின்குமிழ்த் தாங்கியைப் பூட்டலாம். கம்பி அதன் பக்கவாட்டால் வெளிவரும். உலோகப் பகுதிகளுக்குப் புவித்தொடுப்பு வேண்டும். பழைய இறப்பர் உறைக் கம்பிகள் காய்ந்து வெடிப்பனவாதலின், அவற்றைத் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு மாற்றுதல் நன்று. இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ்கள் குறைந்த வெப்பமே தருவதாற் பழைய ஒளிமறைப்புக்களும் கருகாமற் காக்கப்படும்.

கொல்சாவையும் மண்ணெண்ணெயையும் கடந்து நிலைத்த சாடி, இன்றைய மின்குமிழையும் கடந்து நிலைக்கக்கூடும். நாளை வேறோர் ஒளியை அதில் ஏற்ற விரும்புவோர்க்கும் அது முழுமையாகக் கிடைத்தல் வேண்டும். அங்ஙனம் விட்டுவைத்தல் இன்று அதனைக் கையாள்வோரின் கடனாகும்.