காலடியில் நழுவும் கடல்

இந்தியக் காற்றாலைகள் கடலில் இறங்கத் தயாராகின்றன. தூண்களைச் சுற்றியுள்ள மண் நின்று தருமா என்பதுதான் கேள்வி.

கடற்கரையில் கணுக்கால் நீரில் நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவும். இரண்டு மூன்று அலைகளில் பாதம் சாயும். நகர்ந்து வேறு இடத்தில் நிற்க வேண்டியதுதான். கடலில் அறையப்பட்ட இரும்புத் தூணுக்கு அந்த வசதி கிடையாது.

பொறியாளர்கள் இதை ‘ஸ்கவர்’ என்கிறார்கள். அடியரிப்பு என்று சொல்லலாம். ஓடும் நீர் தூணில் மோதியதும் அதில் ஒரு பகுதி செங்குத்தாகக் கீழே பாய்கிறது. தரையைத் தொட்டதும் சுருண்டு, குதிரை லாடம் போலத் தூணைச் சுற்றி வளைத்துக்கொண்டு சுழல்கிறது. அந்தச் சுழல்தான் மண்வெட்டி. மணல் தரையில் ஒரே திசையில் நீரோட்டம் இருந்தால், குழியின் ஆழம் தூணின் விட்டத்தைப் போல சுமார் 1.3 மடங்கு வரும் என்பது உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. இன்றைய பெரிய காற்றாலைகளின் ஒற்றைக் குழாய்த் தூண்கள் 8 மீட்டர் விட்டத்தையும் தாண்டுகின்றன. அதாவது 10 மீட்டர் ஆழக் குழி. மூன்று மாடி வீட்டை இறக்கி வைக்கலாம்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு இப்போது முக்கியம். கடல் காற்றாலைகளுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2015ல் அறிவித்தது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ.7,453 கோடி உதவிக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் அமைக்க ரூ.6,853 கோடி, இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த ரூ.600 கோடி. அந்த ஒப்புதல் வந்த நாளில் இந்தியக் கடலில் ஒரு காற்றாலைகூடச் சுழன்றுகொண்டிருக்கவில்லை.

குஜராத்துக்குத் தேர்வான இடம் பிபாவாவ் துறைமுகத்துக்கு அப்பால், கம்பாத் வளைகுடாவின் வாய்ப்பகுதி. பழைய வரைபடங்களில் காம்பே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2017 நவம்பரில் இங்கே கடலில் ஒரு தூண் நட்டு, அதன் மேடையில் லேசர் கதிரால் காற்றை அளக்கும் ‘லைடார்’ கருவியைப் பொருத்தியது. காற்றின் வேகம் அப்படிப் பதிவானது. தண்ணீரின் வேகம் வேறு கதை. புனல் போலக் குறுகும் இந்த வளைகுடாவில் ஓதம் 11 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. இந்தியக் கரையில் வேறெங்கும் இந்த அளவு கிடையாது. ஆயுள் முடிந்த கப்பல்களை அலங் கரையில் ஏற்றி உடைக்கிறார்களே, அதற்குத் துணை நிற்பதும் இதே ஓதம்தான். இவ்வளவு நீர் தினமும் இரண்டு முறை உள்ளே வந்து இரண்டு முறை வெளியே போகிறது. வாய்ப்பகுதியில் ஏற்றம் குறைவுதான் என்றாலும், உள்ளே போகும் நீரெல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கூடவே நர்மதை, தபதி, மாஹி, சபர்மதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல். மணலுக்கு எழுதிய சூத்திரம் களிமண் கலந்த தரையில் அப்படியே பொருந்தாது. களிமண் மெதுவாக அரிக்கும். ஆனால் எப்போது, எவ்வளவு என்று கணிப்பது கடினம்.

விசித்திரம் என்னவென்றால், அடியரிப்பைப் பற்றிய அறிவின் ஒரு பெரும் பகுதி இந்திய ஆறுகளில் பிறந்தது. கங்கைச் சமவெளியில் தோண்டத் தோண்டப் பாறை கிடைக்காது. ரயில் பாலம் கட்ட வந்தவர்கள் கிணறுபோல உறை இறக்கி அஸ்திவாரம் போட்டார்கள். எவ்வளவு ஆழம் இறக்குவது? பாசனப் பொறியாளர் ஜெரால்ட் லேசி 1930ல் வெளியிட்ட சூத்திரம் அதற்கு ஓர் அளவுகோல் தந்தது. அந்த ஆழத்தை இரட்டிப்பாக்கித் தூண்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியச் சாலைப் பால விதிகளில் நிலைத்துவிட்டது. வெள்ளத்தைப் பாலத்தின் கண்கள் வழியே ஒழுங்காகச் செலுத்தும் வழிகாட்டுக் கரைகள் பற்றி 1903லேயே நூல் எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பின்னாளில் மதராஸ் துறைமுகத்தின் தலைவராகி, கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தா வேலை பார்த்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்தாரே, அவரேதான்.

ஆற்றில் நீர் ஒரு திசையில் ஓடும். கடலில் ஆறு மணி நேரத்துக்கொரு முறை திரும்பும். அதன் மேல் அலை. நீரோட்டம் தோண்டிய குழியைப் பெரிய அலைகள் பல சமயங்களில் மீண்டும் மணல் போட்டு நிரப்பிவிடும். புயல் ஓய்ந்த பிறகு ஆய்வுப் படகு போனால் தரை சமமாகவே தெரியும். ஆனால் நிரம்பியது தளர்ந்த மணல். முன்பிருந்த இறுகிய மண் தந்த பிடிமானத்தை அது தராது. ஆற்றிலும் இதே ஏமாற்றுதான்: வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டிய பள்ளம் வெள்ளம் வடியும்போது மூடிக்கொள்கிறது.

காற்றாலை ஒரே நாளில் சாயாது. மண் குறையக் குறைய வெளியே நிற்கும் தூணின் நீளம் கூடுகிறது. அது மெதுவாக அசையத் தொடங்குகிறது. அந்த அசைவின் தாளம் இறக்கை சுற்றும் தாளத்தை நெருங்கினால் அதிர்வு பெருகும். 25 ஆண்டு தாங்க வேண்டிய இரும்பு முன்கூட்டியே களைத்துப்போகும்.

இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகருக்கு எதிரே ஸ்கிரோபி சாண்ட்ஸ் மணல்திட்டில் 2004ல் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. தூண்களின் விட்டம் 4.2 மீட்டர். குழிகள் 5 மீட்டர் ஆழம்வரை போயின. கல் கொட்டினார்கள். கல்குவியலின் ஓரத்தில் புதிய அரிப்பு கிளம்பியது. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணையில் கொட்டிய கற்களே சில இடங்களில் 1.5 மீட்டர்வரை கீழே இறங்கின. கற்களின் இடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டிருந்தது. 2021ல் வேறொரு தலைவலி. தூண்களைக் காக்கக் கொட்டிய கற்களின் மேல் மின்கேபிள்களின் பாதுகாப்பு உறைகள் அசைந்து உராய்ந்து தேய்ந்தன. பத்து பண்ணைகள்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனம் அறிவித்தது. சரிசெய்ய அது மதிப்பிட்ட செலவு சுமார் 300 கோடி டேனிஷ் குரோனர்.

மும்பை ஹை எண்ணெய் வயலில் 1976லிருந்து உற்பத்தி நடக்கிறதே, அந்த அனுபவம் போதாதா? ஓரளவுதான். அங்கே ஆழம் சுமார் 75 மீட்டர். மேலே எழும் சாதாரண அலையின் வேகம் தரைவரை முழுதாக எட்டாது. மேடைகளும் பல கால்களில் நிற்பவை. காற்றாலைகள் நிற்கப்போவது ஆழம் குறைந்த நீரில், ஒற்றைக் காலில்.

மீதமிருப்பது இரண்டு வழி. முதல் நாளே கல் கொட்டிக் காவல் வைக்கலாம். அல்லது அரிப்பு வரட்டும் என்று கணக்கில் எழுதி, தூணை இன்னும் பல மீட்டர் ஆழமாக அறையலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். எது மலிவு என்று சொல்ல, ஒவ்வொரு தூண் நிற்கும் இடத்திலும் துளையிட்டு எடுத்த மண்ணும், பருவமழைக் காலத்திலும் பதிவான நீரோட்ட அளவும் கையில் இருக்க வேண்டும். நிறுவிய பிறகும் படகில் போய் ஒலியலையால் தரையை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மும்பைக்கு மேற்கேயும் கம்பாத்திலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தரையை அளப்பது மிக அவசியமாக இருக்கும்போதுதான், படகு கிளம்ப முடியாது.