மோகனாங்கியைத் தெரியுமா?

தமிழின் முதல் சரித்திரக் காதல் நாவலை எழுதியவர் எந்த ஊர்க்காரர், சொல்லுங்கள் பார்ப்போம்? மதுரையா, தஞ்சாவூரா? இல்லை, நம்முடைய திருகோணமலை!

தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அவருடைய ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சேறியது. மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை இளவரசி மோகனாங்கிக்கும் இடையிலான காதல்தான் கதை. உண்மைச் சரித்திரத்தில், சொக்கநாதர் தஞ்சையில் பெண் கேட்டார். தஞ்சை மன்னர் மறுத்தார். அது பெரும் போரில் போய் முடிந்தது.

பம்பலப்பிட்டியில் உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகளுக்கு இந்த நாவலைக் கொடுத்தேன். நீண்டு போகும் பழைய வசனங்களில் முதலில் திணறினாள். பிறகு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை! இதே நாவல் பின்னாளில் சுருக்கப்பட்டு ‘சொக்கநாத நாயக்கர்’ என்று வெளிவந்ததாம் என்றேன். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. “காதலிச்சது ரெண்டு பேரும்தானே மாமா, ஏன் அவளின்ர பேரை மட்டும் எடுத்தவை?”

நியாயமான கேள்வி. சரவணமுத்துப்பிள்ளை கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ‘மோகனாங்கி’க்கு முன்பே ‘தத்தை விடு தூது’ என்ற கவிதை நூலில் பெண்ணின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர் அவர். அக்கா மகளுடைய அடுத்த வாசிப்பு அதுதான். கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.