தாய்ப்பாலும் தாடையின் வளர்ச்சியும்

ஹைதராபாத் நகரத்து லாலாகுடாவில், ரயில்வே பட்டறையை அடுத்த குடியிருப்புகளுக்குச் சிறிது தொலைவிலேயே, தார்நாக்காவில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. குன்னூரில் தோன்றிய இந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் இதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன், வறிய குடும்பத்துத் தாய்மாரின் பால் சுரப்பைக் குறித்துக் குன்னூரிலேயே ஆராய்ந்தவர். போதிய உணவு பெறாத தாயும் தன் குழந்தைக்கு நெடுங்காலம் பாலூட்ட வல்லவள் என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. பாலின் சத்தைப் பற்றி நம் ஊழியர்கள் நெடுநாளாக எடுத்துரைத்து வருகின்றனர். அப்பாலைப் பெறுவதற்குக் குழந்தை செய்யும் வேலையைப் பற்றியோ நாம் அதிகம் பேசியதில்லை.

பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை சற்றுப் பின்தங்கியே இருக்கும். முலைக்காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் குழந்தை வாய் நிறையப் பற்றுகிறது. கீழ்த்தாடையை முன்னே நீட்டுகிறது. நாக்கினால் காம்பை அண்ணத்தோடு அழுத்திப் பாலை வாங்குகிறது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை நிகழும் இப்பயிற்சியால் மெல்லும் தசைகள் வலுப்பெறுகின்றன. தாடை முன்னோக்கி வளரத் தூண்டப்படுகிறது. மென்மையான காம்பு அண்ணத்தின் வடிவத்துக்கு இசைந்து கொடுக்கும். புட்டியின் ரப்பர்க் காம்பு அவ்வாறு இசைவதில்லை. அதில் பால் எளிதாக ஒழுகுவதால் தாடைக்கு வேலை குறைவு. கன்னத் தசைகளே மிகுதியாக உழைத்து உள்நோக்கி அழுத்துகின்றன. அண்ணம் குறுகினால் பின்னாளில் பற்கள் வரிசையாக அமைய இடம் போதாது.

பிரேசில் நாட்டுப் பெலோட்டாஸ் நகரில் 2004-இல் பிறந்த குழந்தைகளை ஐந்து வயதில் பரிசோதித்த முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. பல மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளிடம் பற்பொருத்தக் குறை குறைவாகக் காணப்பட்டது. (மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகச் சேராமையை இவ்வாறு வழங்குகிறேன், இதனினும் நல்ல சொல் எனக்குக் கிட்டவில்லை.) ஆயினும் பரம்பரை, மூக்கடைப்பு, விரல் சூப்பும் பழக்கம் ஆகியவையும் இக்குறைக்குக் காரணங்களாம். கோணற்பல் கொண்ட பிள்ளையைக் கண்டதும் தாயைக் குறைகூறுவது நியாயமன்று. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத பிள்ளை முதல் வகுப்பில் இருந்தால், ஆசிரியர் பெற்றோரிடம் கூறிப் பல் மருத்துவரிடம் அனுப்பலாம். ஆறு வயதில் நிலையான கடைவாய்ப்பற்கள் முளைக்கத் தொடங்குவதால் அது தக்க பருவமே.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கு 26 வார விடுப்பு வழங்கியது. அன்றாடக் கூலிக்குச் செல்லும் தாய்க்கு அத்தகைய விடுப்பு எங்கே? அவள் பீய்ச்சி வைத்துச் செல்லும் பாலைப் புட்டியில் ஊட்டாமல் பாலாடையில் ஊட்டும்படி வீட்டாருக்குக் கூறலாம். நம் பாட்டிமார் கையாண்ட அந்தச் சிறு கலத்தின் தமிழ்ப் பெயரே இன்று ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் வழங்குகிறது. பாலாடையால் ரப்பர்க் காம்பின் பழக்கம் ஏற்படுவதில்லை. புட்டியைவிட அதைக் கழுவுவதும் எளிது.