கறுப்புப் பூஞ்சையும் கரையாத மருந்தும்

2021 மே. கொரோனாவிலிருந்து தப்பியவர்கள் சிலரை பெங்களூரில் இன்னொரு நோய் பிடித்துக்கொண்டது. மூக்கில் தொடங்கி கண், மூளை என்று பரவும் கறுப்புப் பூஞ்சை. பவுரிங் மருத்துவமனை சிகிச்சை மையமாயிற்று. ஆனால் ஊசி மருந்துக்குப் பஞ்சம். ஆம்போடெரிசின்-பி குப்பி தேடி உறவினர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

மருந்து புதிதல்ல. வெனிசுவேலாவின் ஓரினோகோ நதிப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. சிக்கல், அது தண்ணீரில் கரையாது என்பதுதான். குடலும் அதை உறிஞ்சாததால் விழுங்கிப் பயனில்லை. ரத்தத்தில் நேராக ஏற்றியாக வேண்டும். கரையாத துகளாகவே ஏற்றினாலோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடும்.

முதலில் கண்ட வழி, டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்ப்பது. எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு தண்ணீரோடு கலக்க வைப்பது போன்ற வேலை. மருந்து ரத்தத்தில் ஏறியது. கூடவே குளிர் ஜுரமும் சிறுநீரகக் கோளாறும் வந்தன.

அடுத்தது லிப்போசோம். சில கொழுப்புகள் தண்ணீரில் தாமாகவே நுண்கோளங்களாகச் சுருண்டுகொள்ளும் என்று 1960களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி அலெக் பேங்ஹாம் கண்டறிந்தார். அந்தக் கோளத்தின் கொழுப்புச் சுவரில் மருந்தைப் பதித்தார்கள். குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. சிறுநீரகச் சேதம் கணிசமாகக் குறைந்தது. அமெரிக்கா 1997ல் அனுமதித்தது.

தயாரிப்பது எளிதல்ல. கோளங்கள் ஒரே சீராக இருக்க வேண்டும். சூடாக்கிக் கிருமி நீக்க முடியாது. வடிகட்டி, உறைய வைத்து, உலர்த்த வேண்டும். ஏற்றும்போதும் சலைன் ஆகாது. மருந்து திரிந்து படிந்துவிடும். குளுக்கோஸ் நீர்தான் சரி.

கணக்கு இன்னும் மலைக்க வைக்கிறது. வழக்கமான அளவு, கிலோவுக்கு தினமும் 5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் நாளொன்றுக்கு 6; மூன்று வாரத்துக்கு 126.

அந்த மே மாதம் மேலும் 5 கம்பெனிகளுக்கு மத்திய அரசு தயாரிப்பு அனுமதி கொடுத்தது. ஜூனில் ஜிஎஸ்டி வரியை நீக்கியது. ஆனால் லைசென்ஸ் கிடைத்த மறுநாளே லிப்போசோம் உருவாகிவிடாது. அதுவரை பல இடங்களில் பழைய வகை மருந்தையே ஏற்றி, சிறுநீரகத்தை அடிக்கடி பரிசோதித்து, டாக்டர்கள் சமாளித்தார்கள்.

மருந்தைக் கண்டுபிடித்தது 1950களில். அதைப் பத்திரமாக ரத்தத்தில் சேர்க்கும் கொழுப்புக் கோளம் போதிய அளவு கையிருப்பில் இல்லாததற்கு விலை கொடுத்தவர்கள், 2021ல் வார்டுகளில் படுத்திருந்தவர்கள்.